நாற்காலிக்கு வாடகை யார் தருவது?

பெங்களூரில் காபிக் கடை வைக்க ஆசைப்படுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மென்பொருள் வேலையில் சலித்துப்போனவர், விருப்ப ஓய்வு வாங்கிய வங்கி அதிகாரி, சிக்கமகளூர்ப் பக்கம் தாத்தா விட்டுப்போன தோட்டத்துக்குத் திடீரென்று வாரிசானவர் என்று பலர் இதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார்கள். எல்லோருடைய கனவும் ஏறக்குறைய ஒன்றுதான். மரங்கள் உள்ள தெரு, மூலைக் கடை, நல்ல காபி, நான்கைந்து மேசை, சுவரோரம் கொஞ்சம் புத்தகங்கள். மேசையைச் சுற்றி நாற்காலிகள். அவற்றில் மனிதர்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாற்காலியில்தான் சிக்கல். காபியைக் கெடுக்காமல் போட யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். ஒருவர் ஒரே ஒரு காபியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? நூறு ஆண்டுகளாக இந்த ஊர்க் கடைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கு இது. பெங்களூர்க் காபிக் கடை உருவம் மாறிய ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்குக்குப் புதிதாக ஒரு விடை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

உடுப்பியை ஒட்டிய பரம்பள்ளியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள். 1924இல் அவர்கள் தொடங்கிய 'பிராமின் காபி கிளப்'தான் பிற்பாடு மாவள்ளி டிபன் ரூம்ஸ், அதாவது எம்.டி.ஆர். அன்று ஹோட்டல் தொடங்கக் கைத்திறன்தான் முதல். உடுப்பி, குந்தாபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் மாமா கடைக்கு வந்து சேர்வான். டம்ளர் கழுவுவான், மாவாட்டுவான், பரிமாறுவான், அடுப்படியில் நிற்பான், கடைசியாகக் கல்லாவில் உட்காருவான். பத்துப் பதினைந்து வருடம் கழித்து உறவுக்காரர்கள் கைகொடுக்க வேறொரு பேட்டையில் தன் கடையைத் திறப்பான். அந்தக் கடையில் முதலாளிக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருக்காது. மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்காஷன் இறக்குவார்.

பெயரில் இருந்த 'பிராமின்' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. காபி தென்னிந்தியாவுக்குள் சாதியோடு கைகோத்துக்கொண்டுதான் வந்தது. யார் யாரோடு உட்கார்ந்து குடிக்கலாம் என்ற வரிசையும் கூடவே வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். பெங்களூரில் அப்படியொன்று நடந்ததாகத் தெரியவில்லை. சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய 'பிராமின்ஸ் காபி பார்' இன்றும் அதே பெயரில் நடக்கிறது. எல்லோரும் தெருவில் நின்று தோளோடு தோள் உரச இட்லி தின்கிறார்கள். யாருக்கு எந்த நாற்காலி என்ற கேள்வி, நாற்காலியே இல்லாத கடையில் எழவில்லை. இது சீர்திருத்தமா, இடப் பற்றாக்குறையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

கடையை வாங்குவது என்றால் அன்று என்ன பொருள்? காந்தி பஜார் வித்யார்த்தி பவனைப் பார்க்கலாம். 1943இல் வெங்கட்ரமண உரால் தொடங்கியது. பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நம்பி வைத்த கடை என்பது பெயரிலேயே இருக்கிறது. 1970இல் அது ராமகிருஷ்ண அடிகாவின் கைக்கு வந்தது. வாங்கியவர் புத்திசாலி. பெயரை மாற்றவில்லை, பட்டியலை நீட்டவில்லை, தோசைக் கல்லில் கை வைக்கவில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு முதலாளி மாறியதே நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும். அவருடைய மகன் பொறியியல் படித்துவிட்டு வந்து இன்று அதே கூடத்தை நடத்துகிறார். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் கோட்டுச் சித்திரங்கள். அந்த வட்டாரத்து இலக்கியவாதிகளில் ஒருவரான மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் தமிழ் பேசியவர், கன்னடத்தில் எழுதி ஞானபீடம் வாங்கியவர். பசவனகுடியில் இது பெரிய அதிசயமில்லை.

வித்யார்த்தி பவனில் நாற்காலி உண்டு. அதற்கு வாடகை தருவது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவர். கையில் தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு சப்ளையர் வருவார். தெரியாத மூன்று பேரோடு ஒரே மேசையில் சாப்பிடுவீர்கள். உங்கள் கடைசித் துண்டுத் தோசையை வரிசையில் நிற்பவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அங்கே உட்கார்ந்திருக்க அசாத்திய நெஞ்சுறுதி வேண்டும். நேர வரம்பு என்று பலகை ஏதும் இல்லை, தேவையும் இல்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவம் காபி ஹவுஸ். அங்கே நாற்காலிக்குக் காசு கொடுத்தது குடிப்பவர் அல்ல, விளைவிப்பவர். 1930களின் பெருமந்தத்தில் காபி விலை சரிந்தது. இந்தியக் காபியை இந்தியர்களையே குடிக்க வைத்தால்தான் தோட்டங்கள் பிழைக்கும் என்ற நிலை. 1935இல் சட்டம் போட்டு ஏற்றுமதிக் காபிக்குத் தீர்வை விதித்தார்கள். அந்தப் பணத்தில் தீர்வைக் குழு 1936இல் பம்பாயில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. ஆக, காபி ஹவுஸ் என்பது பிறப்பில் ஒரு விளம்பரம். உட்காருங்கள், குடித்துப் பாருங்கள், வீட்டுக்குப் போயும் இதையே கேளுங்கள் என்பதுதான் அதன் நோக்கம். விளம்பரத்தைப் பார்ப்பவரிடம் யாராவது நேரத்துக்குக் காசு கேட்பார்களா?

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனது. 1942இல் காபி வாரியம் வந்தது, தலைமையகம் பெங்களூர். விளைந்ததையெல்லாம் தோட்டக்காரர்கள் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும், விற்பது வாரியத்தின் பொறுப்பு என்று ஆனது. 1950களின் நடுவில் வாரியம் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்களைக் கூட்டுறவாகத் திரளச் சொல்லி வழிகாட்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். அப்படி அமைந்த முதல் சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில்தான் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் தொழிலாளர்களே நடத்தும் முதல் காபி ஹவுஸ் திறந்தது. தட்டு ஏந்தியவர்கள் கடைக்குச் சொந்தக்காரர்களானார்கள். காபிக் கடை 'வாங்கிய' கதைகளில் இதைவிட வினோதமானது வேறில்லை.

பெங்களூர் எம்.ஜி. ரோடு காபி ஹவுஸ் 1959 முதல் இருந்தது. விசிறித் தலைப்பாகையும் அகல பெல்ட்டும் அணிந்த சப்ளையர்கள், கட்லெட், டோஸ்ட் மேல் கிளறிய முட்டை, சின்னக் கோப்பையில் காபி. பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் வேலை தேடுபவர்களும் வேலையை விட்டவர்களும் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். இப்போது நாற்காலிக்குக் காசு கொடுத்தது யார்? பழைய வாடகை. நகரத்தின் நடு வீதியில் முன்னொரு காலத்தில் பேசி முடித்த வாடகையில் கடை நடந்தது. இடத்துக்காரரோடு நடந்த வழக்கில் தோற்றபோது அந்தச் சலுகை முடிந்தது. 2009 ஏப்ரலில் மூடினார்கள். பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறினார்கள். கடை மூடியபோது கண்ணீர் மல்க எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் படித்தேன். எழுதியவர்களில் பலர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு காபி குடித்தவர்கள் என்பது அந்தக் கட்டுரைகளிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

நாற்காலிக் கணக்கை ஒரே வெட்டாக வெட்டியவர் ஆர். பிரபாகர். சிங்கப்பூரில் மேற்கத்திய துரித உணவுக் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, 1983இல் ஜெயநகரில் 'கஃபே தர்ஷினி'யைத் தொடங்கினார். முதலில் காசு, கையில் டோக்கன், கண்ணெதிரே சமையல், உயரமான வட்ட மேசை, நின்றபடி சாப்பாடு. நாற்காலியை எடுத்துவிட்டால் வாடகைப் பிரச்சினையும் போய்விடுகிறதே! தர்ஷினி என்ற பெயரை யாரும் தன் சொத்தாக்கிக்கொள்ளவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பேட்டைக்குப் பேட்டை தர்ஷினி முளைத்தது. ஊரின் காலை நேரமே அங்கே குடிபெயர்ந்தது.

கணக்கு எளிது. நானூறு சதுர அடியில் இருபது நாற்காலி போடலாம் என்று வையுங்கள். ஒருவர் அரை மணி உட்கார்ந்தால் மணிக்கு நாற்பது பேர். அதே இடத்தில் முப்பது பேர் நிற்கலாம். ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நகர்வார். மணிக்கு நூற்றெண்பது பேர். காபி விலையைப் பாதியாக்கினாலும் கல்லா இரண்டு மடங்குக்கு மேல் நிறையும். சப்ளையர் சம்பளமும் மிச்சம். பெங்களூரில் நல்ல காபி நெடுங்காலம் மலிவாகக் கிடைத்ததற்கு, காபி விளையும் மாநிலம் என்பதைவிட இந்த நின்றுகொண்டே குடிக்கும் பழக்கம்தான் பெரிய காரணம் என்பேன்.

'பைடூ' இந்தக் கணக்கில் பிறந்த சலுகை. ஒரு காபியை இரண்டாகப் பிரித்து இரண்டு டம்ளரில் தருவது. சென்னையில் கேட்டால் முறைப்பார்கள். பெங்களூரில் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். கடைக்காரருக்குக் கூடுதல் செலவு ஒரு டம்ளர் கழுவுவது மட்டுமே. நாற்காலி உள்ள கடையில் பைடூ கேட்டால் ஒரு காபிக்கு இரண்டு இருக்கை போகும். முதலாளிக்கு வயிறு எரியும். நிற்கிற கடையில் இருவரும் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கும் வருவார்கள், இட்லியும் சேர்த்துத் தின்பார்கள்.

1990களில் காற்று திரும்பியது. காபி வாரியத்தின் தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விளைவித்தவர் யாருக்கும் விற்கலாம் என்று ஆனது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று சிக்கமகளூர்த் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வி.ஜி. சித்தார்த்தா பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டேயைத் திறந்தார். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நூறு ரூபாய்க்கு ஒரு மணி நேர இன்டர்நெட்டும் ஒரு காபியும். அந்த நாளில் நூறு ரூபாய் என்பது தர்ஷினியில் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடும் காசு. ஆனால் இதன் நேர்மையைக் கவனியுங்கள்: இந்த ஊரில் முதல்முறையாக ஒரு கடை 'நேரத்துக்குத்தான் காசு' என்று வெளிப்படையாகச் சொன்னது. பிறகு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்ததும் அந்தக் கட்டணம் மறைந்தது. உட்காரும் இடம் மட்டும் நின்றது, அதற்கான விலை கப்பச்சீனோவுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒளிந்துகொண்ட விலை போதுமானதாக இல்லை. காதலர்கள், கல்லூரிப் பிள்ளைகள், காப்பீட்டு முகவர்கள், பெண் பார்க்க வந்து வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இங்கே சந்தித்துக்கொண்டவர்கள் என்று ஒரு தலைமுறைக்கே அது திண்ணையாக இருந்தது. திண்ணைக்கு வாடகை கடனிலிருந்து வந்தது. 2019 ஜூலையில் சித்தார்த்தா இறந்தபோது குழுமத்தின் கடன் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் என்பது ஊருக்குத் தெரியவந்தது. அதில் கஃபேக்களின் பங்கு மட்டும் இல்லை, வேறு தொழில்களும் உண்டு. இருந்தாலும் நாடெங்கும் 1,700க்கு மேல் இருந்த கஃபேக்கள் ஐந்தாண்டுக்குள் ஐந்நூறுக்குக் கீழே இறங்கின. மிஞ்சியது எது தெரியுமா? அலுவலகங்களில் வைக்கும் காபி மெஷின்கள். அவை ஐம்பதாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அந்த மெஷின் முன்னால் நாற்காலி வேண்டுமானால் அது அந்த அலுவலகத்தின் செலவு.

இன்று இந்திராநகர் 12ஆம் மெயினிலோ கோரமங்களாவிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ நடந்தால், ஒரு காலத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் கட்டிய வீடுகளின் முன்கூடத்தில் எஸ்பிரஸ்ஸோ மெஷின் சீறிக்கொண்டிருக்கும். கொட்டை எந்தத் தோட்டத்தில், எந்த உயரத்தில் விளைந்தது, எப்படிப் பதப்படுத்தியது என்று பலகையில் எழுதியிருக்கும். இதைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறி, மிச்சம் நமக்கு என்ற நிலை பல தலைமுறை நீடித்தது. கர்நாடகத்தில்தான் நாட்டின் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் விளைகிறது. அதன் சிறந்த பகுதியை பெங்களூர்க்காரர் சிக்கரி கலக்காமல் குடித்துப் பார்ப்பதே இப்போதுதான். ஒரு கோப்பை 200 ரூபாயைத் தாண்டுகிறது. அதில் காபிக்கொட்டையும் பாலும் முப்பது நாற்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீதி நாற்காலி, குளிர்சாதனம், வைஃபை, பல லட்ச ரூபாய் மெஷின், தெருவோர மரத்தின் நிழல்.

அப்படியும் கட்டுபடியாவதில்லை. 2016ஐ ஒட்டி இங்கே பிறந்த தேர்ட் வேவ் காபி இன்று நூறு கடைகளைத் தாண்டிவிட்டது. 2023இல் முதலீட்டாளர்களிடமிருந்து மூன்றரைக் கோடி டாலர் திரட்டியது. 2023-24இல் அதன் வருவாய் சுமார் 240 கோடி ரூபாய், நட்டம் நூறு கோடிக்கு மேல். லேப்டாப்போடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு முதலீட்டாளர் பாதி வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார் என்று இதைப் படிக்கலாம். அன்று தீர்வைப் பணத்தில் உட்கார வைத்தார்கள், இன்று முதலீட்டுப் பணத்தில். காத்திருக்கும் பொறுமை யாருக்கு எவ்வளவு என்பதுதான் வேறுபாடு.

பேட்டையில் ஒற்றைக் கடை வைக்க நினைப்பவருக்கு அந்த முதலீட்டாளர் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெயநகர்ப் பக்கம் நடந்துகொண்டிருக்கும் காபிக் கடை ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். காலை ஏழு மணிக்குக் கூட்டம் தெருவில் நின்றது. சாமான்களுக்கு ஒரு விலை, 'குட்வில்' என்று அதைவிடப் பெரிய விலை, கட்டட உரிமையாளருக்குப் பத்து மாத அட்வான்ஸ். தொகையைச் சொன்னதும் அவருக்குக் கண் இருண்டது. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்து ஆசை விடவில்லை. ஐம்பது வருடம் ஹோட்டல் தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன்.

"கூட்டத்தப் பாக்காதீங்க சார். பால் எத்தன லிட்டர் வருதுன்னு பாருங்க. பொடி வாரத்துக்கு எத்தன கிலோன்னு பொடிக் கடைல கேளுங்க," என்றார் பெரியவர். அந்தக் காலத்தில் கடை வாங்குவதற்கு முன் எதிர்த் திண்ணையில் ஒரு வாரம் உட்கார்ந்து பால் கேன்களை எண்ணுவார்களாம். கல்லாப்பெட்டி பொய் சொல்லும், பால் பொய் சொல்லாது. நண்பர் சிரித்துக்கொண்டே, "இப்ப யூ.பி.ஐ. இருக்கே, ஃபோன்லயே காட்டுவாங்க," என்றார். உண்மைதான். அன்று முதலாளிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விற்பனை இன்று வங்கிக் கணக்கில் வரிசையாக நிற்கிறது. வாங்குபவருக்கு இது பெரிய வரம்.

வரம் இரண்டு பக்கமும் வெட்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை இந்த யூ.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து, பேக்கரிகள், டீக்கடைகள், காபிக் கடைகள் என்று சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பதிவு செய்யாமல் வியாபாரம் செய்ய வரம்பு சரக்குக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். 20 லட்சம் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். பதினைந்து ரூபாய்க் காபியில் வகுத்தால் நாளொன்றுக்கு 365 டம்ளர். ஓரளவு ஓடும் தர்ஷினி காலை பத்து மணிக்குள் அதைத் தாண்டிவிடும். தெருவெங்கும் 'யூ.பி.ஐ. கிடையாது, ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கின. வணிகர்கள் கடையடைப்பு அறிவிப்பு வரை போனார்கள். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்ன பிறகு சூடு தணிந்தது. கடை வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதில் இன்னொன்று உண்டு. வியாபாரத்தை முழுதாகக் கைமாற்றினால், அதுவரை விற்றவர் வைத்த ஜி.எஸ்.டி. பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பாளி என்கிறது சட்டம். குட்வில்லோடு கடனும் கூட வரலாம்.

பெரியவர் அடுத்துக் கேட்டது கடை ஒப்பந்தத்தை. பதினோரு மாதம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், முத்திரைத்தாள் செலவு ஏறும் என்பதால் ஊர் முழுக்கப் பதினோரு மாதத் தாளில்தான் ஓடுகிறது. வீட்டுக்கு அது போதும். பல லட்சம் குட்வில் கொடுத்து வாங்கும் கடைக்கு? "குட்வில் உங்களோடது, ஆனா கட்டடம் அவரோடது. பன்னண்டாம் மாசம் வாடகைய ரெட்டிப்பாக்கினா என்ன பண்ணுவீங்க?" கேள்விக்குப் பதில் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் விற்றவர் பெயரில் இருந்தது. அதை அப்படியே கைமாற்ற முடியாது, புதிதாக எடுக்க வேண்டும். மாநகராட்சி வணிக உரிமம், வணிக சிலிண்டர் இணைப்பு எல்லாம் தனித்தனி அலைச்சல். இதற்கிடையில் 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியே கலைக்கப்பட்டு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. எந்த மேசைக்குப் போவது என்பதே சில மாதம் ஒரு ஆராய்ச்சி.

அன்றைக்குத் தலைவலி வேறு. விலையைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாத காலமும் இருந்தது. நெருக்கடி நிலையின்போது அரசு ஹோட்டல் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாத எம்.டி.ஆர். அடுப்பை விட்டு மளிகைக்கும் பொட்டலத்தில் அடைத்த மாவுக்கும் திரும்பியது. அந்தப் பொட்டலத் தொழில் எவ்வளவு வளர்ந்ததென்றால், 2007இல் அதை நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் விலைக்கு வாங்கியது. நட்டத்தில் ஓடிய சமையலறையிலிருந்து முளைத்த சொத்து!

இன்று விலையை ஏற்ற யாரும் தடையில்லை, வாடிக்கையாளரின் முகத்தைத் தவிர. 2024 செப்டம்பரில் லண்டன் சந்தையில் ரோபஸ்டா ஒரு டன் 5,000 டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைக் கடந்தது. வியட்நாமிலும் பிரேசிலிலும் மழை பொய்த்ததற்கு மல்லேசுவரத்தில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஏறியது. கூடவே 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது. ஒரு டம்ளர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொடி கிலோ 700 ரூபாய் என்றால் எட்டு கிராமுக்கு ஐந்தரை ரூபாய். பால் நான்கு ரூபாய். சர்க்கரை, எரிவாயு, தண்ணீர் சேர்த்து ஒரு ரூபாயாவது. பதினைந்து ரூபாய்க் காபியில் மிச்சம் நாலரை. அதில்தான் வாடகை, சம்பளம், உடைந்த டம்ளர், பேட்டைப் பிள்ளைகளின் கணபதி நன்கொடை எல்லாம். காபிக் கடையைக் காப்பாற்றுவது காபி இல்லை என்பதை எந்த தர்ஷினிக்காரரும் சொல்வார்: இட்லியும் காராபாத்தும் மசால் தோசையும்தான். காபி ஆளை உள்ளே இழுக்கும்.

விலை ஏறும்போது சிக்கரியைக் கூட்டும் ஆசை வரும். கலவைப் பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது விதி. பொட்டலத்தில் விகிதத்தை அச்சிட்டாக வேண்டும். ஆனால் தர்ஷினி டம்ளரில் எதுவும் அச்சிடுவதில்லை. பேட்டைதோறும் இருந்த பொடி அரைக்கும் கடைகளில், பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது என்று வீட்டுக்கு ஒரு கலவையைப் பெயரோடு நினைவு வைத்திருந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்களிடம் பொடி வாங்கிய ஹோட்டல்காரர் ஏமாற்ற நினைத்தாலும் பேட்டைக்குத் தெரிந்துவிடும்; நாக்குப் பழகிய கூட்டம்.

அடுப்படியும் மாறிவிட்டது. குந்தாபுரத்துப் பையன்கள் இப்போது படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். டோக்கன் வாங்கும் கை ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்திருக்கும்; மூன்று மாதத்தில் 'சக்கரை கம்மி' என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் புரிந்துகொள்ளும். பத்து வருடம் கழித்து அந்தப் பையன் வேறொரு பேட்டையில் கடை திறப்பானா? அட்வான்ஸ் தொகையைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. மாமா கடையில் தொடங்கி முதலாளியாக ஏறிய அந்த ஏணிதான் பழைய தொழிலின் உண்மையான மூலதனம். இன்றைய கஃபேயில் பாரிஸ்டாவாகச் சேர்ந்தவர் மேலாளர் வரை ஏறலாம், அதற்கு மேல் படி இல்லை. பழையதில் நான் ஏங்குவது இந்த ஒன்றுக்காகத்தான். மற்றபடி, சுத்தமான கழிப்பறையும் பெண்கள் தனியாக வந்து நிம்மதியாக உட்காரும் மேசையும் புதிய கடைகள் கொண்டுவந்தவை. பழைய காபி கிளப்புகளில் அவை இல்லை.

நிற்கிற கடை இதற்குள் மறுபடி எழுந்துவிட்டது. 2009இல் காந்தி பஜாரில் மிகச் சிறிய இடத்தில் யு.எஸ். மகேந்தர் தொடங்கிய ஹட்டி காபி விமான நிலையத்திலும் ஐ.டி. வளாகங்களிலும் கவுன்டர்களாகப் பரவியது. 2021இல் இந்திராநகரில் திறந்த ராமேஸ்வரம் கஃபே அப்துல் கலாமின் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டது. உட்கார இடமில்லை, நெய் வழியும் தோசைத் தட்டோடு கூட்டம் தெருவில் நிற்கிறது, அதைப் படமெடுக்கவும் ஒரு கூட்டம் நிற்கிறது. உட்கார இடமுள்ள கடைகளோ பலகை மாட்டத் தொடங்கிவிட்டன. இது சாப்பிடும் இடம், ரியல் எஸ்டேட் பேச்சும் அரசியல் பேச்சும் வேண்டாம் என்று இங்கே ஓர் உணவகம் மாட்டிய அறிவிப்பு ஊரெல்லாம் சிரிப்பானது. 'இங்கு அரசியல் பேசாதீர்' பலகையின் கீழ் உட்கார்ந்து அரசியல் பேசியே வளர்ந்த தமிழர்களுக்கு அதில் புதுமை இல்லை. நிலத் தரகர்கள் சேர்ந்ததுதான் பெங்களூரின் பங்களிப்பு.

நண்பரின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வருடத்துக்குப் பதிவு செய்த குத்தகை தந்தால் குட்வில்லுக்குச் சம்மதம் என்றார். கட்டட உரிமையாளர் பதினோரு மாதத்திலிருந்து அசையவில்லை. இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மொபைல் உதிரிபாகக் கடைக்காரர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். நண்பர் இப்போது ஒரு தனியார் அலுவலக வளாகத்தின் உணவுக்கூடத்தில் கவுன்டர் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். வாடகைக்குப் பதில் விற்பனையில் ஒரு பங்கு கேட்கிறார்கள், சனி ஞாயிறு வியாபாரம் கிடையாது. மேசையும் நாற்காலியும் கம்பெனியுடையவை.